எண்ணம் கருவியாகும் வரை

தொழில் தொடங்க விழைவோர் முதலில் நாடுவது வங்கியை. வங்கி கேட்பனவோ இரண்டே: ஈடு எங்கே? வருவாய் எப்போது? ஆலை நிறுவுவோர் இவற்றுக்கு விடை கூறிவிடலாம். இதுவரை எவரும் செய்திராத ஒரு கருவியைச் செய்து பார்க்க முனையும் இளைஞர் என்ன கூறுவர்? அது இயங்குமா என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஏற்பட்டது அரசின் ஆராய்ச்சி மானியம்.

மானியம் கடனன்று, அதற்கு வட்டியில்லை. தொழிலில் பங்கும் கேட்பதில்லை. அமெரிக்க அரசு, சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென 1982-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றியது. நம் நாட்டில் 2012-இல் அமைந்த ‘பிராக்’ என்னும் மத்திய அரசு நிறுவனம், உயிரியல் தொழில்நுட்பத்தில் புதுமை காண்போர்க்கு 18 மாத காலத்திற்கு 50 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டத்தை வகுத்தது. கேரளத்தில் இப்பணியை ஆற்றி வருவது, 2006-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய கேரள ஸ்டார்ட்டப் மிஷன்.

இதனால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2015 நவம்பரில், கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் இருவர் நச்சுக் காற்றால் மயங்கினர். அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாதும் உயிர் துறந்தார். மூவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மனிதரை இவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. ஆயினும், அடைப்பை நீக்க வேறு வழி இல்லாதவரை சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுகிறதல்லவா?

அந்த வழியைத் தேடியவர்கள் விமல் கோவிந்த் உள்ளிட்ட நான்கு இளம் பொறியாளர்கள். அவர்களுடைய ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் படைத்த இயந்திரத்தின் பெயர் ‘பேண்டிகூட்’, அதாவது பெருச்சாளி. அதன் ஒரு பகுதி தரைமேல் நிற்கும். மற்றொரு பகுதி கை கால்களுடன் குழிக்குள் இறங்கிக் கசடை வாரி மேலே அனுப்பும். இயக்குபவர் வெளியே நின்றபடி, காமிரா காட்டும் காட்சியைத் திரையில் கண்டு வேலை வாங்குவார். ஸ்டார்ட்டப் மிஷனும் கேரள நீர் ஆணையமும் இம்முயற்சிக்குத் துணை நின்றன. 2018-இல் திருவனந்தபுரத்தில் இது பணிக்கு வந்தது. அவ்வாண்டிலேயே நம் கும்பகோணத்தையும் எட்டியது.

இதில் ஓர் உண்மை புலனாகிறது. பணம் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க உண்மையான சாக்கடையும், பயன்படுத்த முன்வரும் அரசுத் துறையும் வேண்டும். மானியம் தரும் அரசே முதல் வாடிக்கையாளராகவும் நிற்கும்போதுதான் புதுக்கருவி பட்டறையைக் கடந்து வீதிக்கு வருகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் சிலர், இவ்வுதவி அந்தந்த மாநிலத்தார்க்கே உரியது என்றெண்ணி ஒதுங்குவதுண்டு. அது தேவையற்ற தயக்கம். கேரளத்தின் திட்டம் நோக்குவது நிறுவனம் அங்கே பதிவு பெற்றதா என்பதை. உரிமையாளரின் தாய்மொழியை அன்று. விண்ணப்பிப்போர் மூன்றைத் தெளிவாகக் கூறல் நலம்: தீர்க்க முனையும் துன்பம் எது, இன்றுள்ள முறையினும் நமது முறை எவ்வாறு மேம்பட்டது, ஒவ்வொரு கட்டத்திலும் எதைச் செய்து காட்டுவோம். பணம் பெரும்பாலும் தவணைகளாகவே வரும். ஆதலின் கணக்கைச் செவ்வையாக வைத்தல் இன்றியமையாதது.

மக்களின் வரிப்பணம் ஓர் இளைஞரின் சோதனைக்குச் செலவாவது தகுமா என்று வினவுவோர் உளர். சோதனைகள் பல தோற்கவும் கூடும். ஆனால் வென்ற ஒரு சோதனை, ஒரு தொழிலாளி குழிக்குள் இறங்காமல் மாலையில் வீடு திரும்ப வழி செய்யுமாயின், அச்செலவு வீணாயிற்று என்று எவர் சொல்வார்?