முற்றத்து அடுப்பு மேசையில் வெடிப்பு: காரணமும் செப்பனிடும் முறையும்

இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல் முதலிய கடலோர ஊர்களிலும், மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயற்கிராமங்களிலும், வீட்டு முற்றத்திலோ வயல்வாடியின் அருகிலோ தடித்த பலகையாற் செய்த மேசையொன்று கிடப்பதுண்டு. காலையிற் பறித்த கத்தரிக்காயும் வெண்டிக்காயும் பயற்றங்காயும் அதன்மேலேயே தரம் பிரிக்கப்படும். அறுவடைக்கு ஆட்கள் சேரும் நாட்களில் அதன் ஒரு முனையில் இரும்புக் கரியடுப்பை ஏற்றி, மீனோ சோளமோ சுடுவார்கள். சோற்றுப்பானையும் அங்கேயே கொதிக்கும். இவ்வாறு இருவேலை செய்யும் மேசை சில ஆண்டுகளில் வெடித்துப் பிளப்பது கமக்காரர் யாவரும் கண்டதே.

மேசைதானே என்று இதனை விட்டுவிடுதல் தகாது. பிளந்த பலகை பாரத்தில் தாழும்போது கொதிபானை சரியும். அடுப்பருகே விளையாடும் பிள்ளையின்மேலேயே அது பெரும்பாலும் கொட்டும். வெடிப்பினுள் விழுந்த தணல் வெளியே தெரியாமற் கனன்று, யாவரும் உறங்கியபின் வாடியை எரித்துவிடவும் கூடும். மருந்து தெளிப்பவர்கள் இதே மேசையிற் பீடைநாசினியைக் கலந்திருந்தால், வெடிப்பினுள் ஊறிய நஞ்சை எவ்வளவு நீர் ஊற்றினாலும் கழுவி எடுக்க இயலாது. அத்தகைய மேசையில் உணவுப்பொருளை மீண்டும் வைக்கவே கூடாது. அதைச் செப்பனிட முயலவேண்டாம்; மருந்து வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

மரம் ஏன் வெடிக்கிறது என்பதை அறிந்தாலன்றிச் செய்த வேலை நிலைக்காது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உட்கொண்டு விரியும். வறட்சியில் அதை இழந்து சுருங்கும். நீளவாக்கிற் சுருக்கம் மிகச் சொற்பம். அகலவாக்கிலேதான் அது பெரிது. அகலவாக்கிலும், ஆண்டு வளையங்களின் போக்கிலே சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இருமடங்காகும். இவ்விரண்டும் ஒவ்வாமையாலேயே பலகை வளைகிறது, பிளக்கிறது. மேலும், பலகையின் இரு தலைப்புகளிலும் மரத்தின் நீர்க்குழாய்கள் வாய்திறந்து நிற்பதால் அவ்விடத்தில் ஈரம் மிக விரைவாக வெளியேறும். முதல் வெடிப்பு தலைப்பில் தோன்றுவதன் காரணம் இதுவே.

எமது மாவட்டத்தின் காலநிலையும் இதற்குத் துணைசெய்கிறது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு மழை. வைகாசிக்குப் பின் ஆவணி, புரட்டாதி வரை கச்சான் காற்று நிலத்தையும் மரத்தையும் ஒருங்கே வாட்டிவிடும். கச்சான் ஓங்கிய இரவுகளில் முற்றத்துப் பலகை திடீரென ஓசையெழுப்பி வெடிப்பதைக் கேட்டவர்கள் பலர். மாரியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஈரம் கொண்டிருந்த பலகை, கோடையிற் பன்னிரண்டுக்கு இறங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையும்போது, கடினமரப் பலகையின் அகலம் சுமாராக நூற்றுக்குக் காற்பங்கு குறையும். அவ்வாறாயின் 30 அங்குல அகலமான மேசை ஏறக்குறைய அரை அங்குலம் சுருங்கியே ஆகவேண்டும். அதற்கு இடம் விட்டிருந்தால் மேசை பிழைக்கும். இடம் விடாதிருந்தால் பலகை தானே இடத்தைப் பிளந்து எடுத்துக்கொள்ளும்.

பெரும்பாலான மேசைகளில் இடம் விடப்படுவதில்லை. மேற்பலகைகளின் அடியிற் குறுக்குச்சட்டத்தை வைத்து, இரு ஓரத்திலும் நடுவிலும் ஆணியால் இறுக அடித்துவிடுகிறார்கள். சட்டம் நீளவாக்கிற் கிடப்பதால் அது சுருங்காது. பலகையோ சுருங்க முயலும். இழுபறியில் தோற்பது பலகைதான். கடற்காற்றுப் படும் ஊர்களில் இரும்பாணி துருவேறிப் பருத்து, அடித்த இடத்திலேயே மரத்தைப் பிளப்பதும் உண்டு.

ஆகவே செப்பனிடும் வேலையின் முதற்படி வெடிப்பை அடைப்பதன்று. மேசையைக் கவிழ்த்துப் பார்ப்பதே. கூரிய கத்திமுனையாற் பலகையையும் கால்களின் அடியையும் குத்திப் பாருங்கள். முனை இலகுவாக இறங்கி, மரம் நாரற்றுப் பொருபொருவென உதிருமாயின் அது உளுத்தது; அப்பகுதியை அறுத்து நீக்கவேண்டும். கறையான் மண் காணப்பட்டாலும் அவ்வாறே. கத்தி இறங்காது மரம் உறுதியாயிருந்தால் அந்த வெடிப்பைச் சீர்செய்யலாம். தலைப்பில் நகக்கண் ஆழத்திற்கு மட்டும் ஓடிய மயிர்வெடிப்புகளுக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை; எண்ணெயிட்டு விட்டாற் போதும்.

இவ்வேலைக்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோக விதைப்பிற்கு முன் கையில் நேரம் இருக்கும். மரமும் அப்போது மாரியின் ஈரமோ கச்சானின் வறட்சியோ இன்றி நடுநிலையில் நிற்கும். புரட்டாதியில், வெடிப்பு அகன்று வாய்பிளந்து நிற்கும்போது, பலர் அதனுள் சீமெந்துக் குழம்பை ஊற்றி அடைக்கிறார்கள். இது முற்றிலும் பிழையான முறை. மாரியிற் பலகை விரியும்போது இறுகிய சீமெந்து இடங்கொடாது. மரம் நசுங்கும், அல்லது பக்கத்திற் புதிதாக ஒரு வெடிப்புத் தோன்றும். மறுகோடையிற் சீமெந்து தளர்ந்து, அதனைச் சுற்றி நீர் தேங்கி, மரம் உளுக்கத் தொடங்கும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பதும், அகன்ற வெடிப்பைப் பொறுத்தவரை, இதைவிடச் சிறிதளவே மேலானது.

பலகை நீளவாக்கில் முழுதாகப் பிளந்திருந்தால், குறுக்குச்சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தை அகற்றுங்கள். சட்டம் விலகியவுடனேயே வெடிப்புத் தானாகச் சிறிது மூடிக்கொள்வதைக் காணலாம். பிளவின் உட்புறத்திலுள்ள மண், எண்ணெய், கரி ஆகியவற்றை மெல்லிய வாள் அலகினாலும் தூரிகையினாலும் சுரண்டி எடுத்துவிட்டு, நிழலில் இரண்டொரு நாள் உலரவிடவேண்டும். பசை துப்புரவான, உலர்ந்த மரத்திலேயே பிடிக்கும். வெளியிற் கிடக்கும் மேசைக்குச் சாதாரண வெள்ளைத் தச்சுப்பசை உதவாது, மழையில் இளகிவிடும். நீர் தாங்குமென்று உறையிற் குறிக்கப்பட்ட பசையையே வாங்குங்கள்.

பசையை இரு முகத்திலும் பூசியபின் பிளவை இறுக்கிப் பிடிக்க ஓடாவிமாரிடம் இரும்பு இறுக்கிகள் உண்டு. அவை இல்லாதவர்கள் வருந்தவேண்டியதில்லை. மாடு கட்டும் தடித்த கயிற்றை மேசையைச் சுற்றி இருமடியாகக் கட்டி, இரு மடிப்புகளுக்கும் இடையிலே ஒரு கழியைச் செருகி முறுக்கினால், பிளவு மூடுமளவுக்கு வேண்டிய இறுக்கம் கிடைக்கும். கயிறு பலகையின் ஓரத்தை நசுக்காதிருக்க அங்கே சிறு மரத்துண்டுகளை வையுங்கள். பசை மெல்லிய கோடாகப் பிதுங்கினால் போதும். அதற்குமேல் முறுக்கினாற் பசை முழுதும் வெளியேறி மூட்டு வறண்டுவிடும். ஒருநாள் முழுவதும் அவ்வாறே விட்டுவையுங்கள்.

பிளவு மேலும் ஓடாமல் தடுக்க அடிப்புறத்தில் பூட்டுக்கட்டை பதிப்பது நன்று. இது இரு தலையும் அகன்று இடை ஒடுங்கிய, உடுக்கையின் வடிவான சிறு கட்டை. கட்டையின் நார் பிளவுக்குக் குறுக்காகச் செல்லும்படி வெட்டவேண்டும். மாறி வெட்டினால் இடையில் ஒடிந்துவிடும். பலகைத் தடிப்பின் பாதி ஆழத்திற்குக் குழியுளைந்து, பசையிட்டு, கொட்டாப்புளியாற் தட்டி இறக்குங்கள். ஆறடி நீளப் பிளவுக்கு மூன்று கட்டைகள் போதும். அவற்றுள் ஒன்று பிளவு முடியும் முனையில் அமையட்டும்.

இந்த வேலைக்கு எமது மாவட்டத்திலேயே சிறந்த மரம் உண்டு. சிங்களத்தில் அல்மில்லா எனவும் தமிழிற் சமண்டலை எனவும் வழங்கும் மரத்தை ஆங்கில மரவணிகர் திருகோணமலை மரம் என்றே பெயரிட்டழைத்தனர். வளைந்து கொடுத்து ஒடியாத அதன் இயல்பினால் வண்டி உறுப்புகளுக்கும், சாராயப் பீப்பாய்களுக்கும், சென்னைக் கரையின் மசூலா வள்ளங்களுக்கும் அது பயன்பட்டது. உடைந்த வண்டியின் பழைய துண்டு வீட்டிற் கிடந்தால் அதை எரித்துவிடாதீர்கள். நன்கு உலர்ந்த மரம் பூட்டுக்கட்டைக்கு அதனிலும் மேலானது இல்லை. முதிரையும் பாலையும் உறுதியானவை. ஆயினும் உளி இறங்குவது கடினம். புதிதாக மரம் தேடுவோர், 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளதென்பதை நினைவிற் கொள்ளவேண்டும். வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் காட்டுமரம் வெட்டுவது குற்றமாகும். சொந்தத் தோட்டத்து மரமாயினும், ஏற்றிச் செல்லுமுன் கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்துக்கொள்வது நன்று.

இனிக் குறுக்குச்சட்டத்தை மீண்டும் பூட்டவேண்டும். முழு வேலையின் உயிரும் இங்கேதான் உள்ளது. ஆணியை விட்டுத் திருகாணியைப் பயன்படுத்துங்கள். பித்தளையோ துருப்பிடியா உருக்கோ ஆயின் கடற்காற்றுக்குத் தாங்கும். சட்டத்தின் நடுவில் உள்ள திருகாணி மட்டும் இறுக்கமான துளையில் இருக்கட்டும். ஓரங்களில் உள்ளவற்றிற்குச் சட்டத்திலே, பலகை அசையும் திசையில், அரை அங்குல நீளமான நீள்துளைகளை உளியால் வெட்டுங்கள். திருகாணியின் தலைக்கு அடியில் ஒரு வட்டத்தகடு இட்டு, பலகை அசையத்தக்க அளவுக்கே முடுக்குங்கள். இப்போது மாரியிலும் கோடையிலும் பலகை நடுவை நிலையாகக் கொண்டு இருபுறமும் விரிந்து சுருங்கும். சட்டம் அதை வளையாமல் மட்டும் பிடித்திருக்கும். பல பலகைகளாலான மேசையில் ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு தென்னோலை ஈர்க்கின் அளவு இடைவெளி விட்டால் மழைநீரும் தேங்காது.

அடுப்பு வைக்கும் முனை வேறு விதமாகக் கவனிக்கப்படவேண்டும். அங்கே பசையை நம்பக்கூடாது. கடைகளிற் கிடைக்கும் எப்பொக்சிப் பசைகளுட் பல 60 பாகை செல்சியசு அளவிலேயே இளகத் தொடங்கும். கரியடுப்பின் அடியில் வெப்பம் அதனிலும் மிகையாகும். மரம் 200 பாகைக்கு மேற் கருகத் தொடங்கும். நெடுங்காலம் சூடேறிய மரம் அதனிலும் குறைந்த வெப்பத்திலேயே கருகுவதுண்டு. தகரத் தகட்டைப் பலகையோடு ஒட்டப் பரப்புவதால் பயனில்லை. தகடு சூட்டை அப்படியே மரத்திற்குக் கடத்தும். மேசையின் அம்முனையில் செங்கற்களை இடைவெளி விட்டு நிறுத்தி, அவற்றின்மேல் தகட்டையும், தகட்டின்மேல் இரண்டங்குல மணலையும், மணலின்மேல் அடுப்பையும் வையுங்கள். தகட்டின் அடியில் காற்று ஓடவேண்டும் என்பதே இதன் நோக்கம். உடைந்த கூரைத் தகடுகளை இதற்குப் பயன்படுத்துவோர் உளர். அவை கல்நார்த் தகடுகளாயின், அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசி நுரையீரலிற் தங்கிப் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை விளைவிக்க வல்லது. எக்காரணங்கொண்டும் அவற்றை வெட்டவேண்டாம். ஏற்கெனவே கருகிய பலகையைச் சீவுளியாற் சீவிப் பாருங்கள். கால் அங்குலத்திற்குமேல் கரியாயிருந்தால் அப்பலகையை மாற்றிவிடுவதே சிக்கனம்.

வேலை முடிந்தபின் மணற்றாளாற் தேய்த்து எண்ணெயிடவேண்டும். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் மரத்தில் உலர்ந்து இறுகா. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். உழவு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயை வேலித்தூணுக்குப் பூசினும், காய்கறி வைக்கும் பலகைக்குப் பூசலாகாது. ஆளிவிதை எண்ணெய் தக்கது. மெல்லியதாக இருமுறை பூசி, ஒவ்வொரு முறையும் மிகுதியைத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். தலைப்புகளுக்கு மூன்று நான்கு முறை பூசினாலும் தகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கும். சுருண்ட துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். துணியைக் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அன்றேல் நீரில் நனைத்துப் புதைத்துவிடுங்கள்.

மேசையை மீண்டும் நிறுத்தும்போது நான்கு கால்களின் அடியிலும் தட்டையான கற்களை வைக்கவேண்டும். மாரியில் முற்றத்து நீர் காலை எட்டாதிருக்க மூன்றங்குல உயரம் போதும். கச்சான் தொடங்குமுன் ஒருமுறையும், வாடை தொடங்குமுன் ஒருமுறையும் ஓரத் திருகாணிகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். துருவினால் இறுகியிருப்பவற்றைக் கழற்றி எண்ணெயிட்டு மாட்டுங்கள்.