7 யூரோ ஃப்ளாஸ்க் சொல்ற பாடம்: சேல்ஸ் டீமுக்கு காசு தவிர என்ன குடுக்கலாம்?

இந்த எபிசோட் சேல்ஸ்ல இருக்கறவங்களுக்கும், அவங்களுக்கு டார்கெட் வைக்கறவங்களுக்கும். நான் கோட் எழுதற ஆள்தான். ஆனா நாங்க கட்டற ப்ராடக்ட்டை யாரோ ஒருத்தர் போன் மேல போன் போட்டு வித்தாதான் மாசக் கடைசில எனக்கும் சம்பளம். அதனால இந்த விஷயத்துல எனக்கும் அக்கறை இருக்கு.

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "எங்க டீம்ல 12 பேர். இன்சென்டிவ் பட்ஜெட் ரொம்ப கம்மி. காசாவே பிரிச்சுக் குடுத்துடலாமா, இல்ல வேற ஏதாவது புதுசா பண்ணலாமா?"

இதுக்கு கூகுள்ல தேடினா "50 ஐடியாக்கள்"னு லிஸ்ட் வரும். கப், டீ-ஷர்ட், "மாதத்தின் சிறந்த ஊழியர்" போட்டோ. ஆனா ஒரு பரிசு ஏன் வேலை செய்யுது, எப்போ சொதப்புதுன்னு புரிஞ்சாதான் நம்ம டீமுக்கு எது சரின்னு தெரியும். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

ஒரு ஏ/பி டெஸ்ட்

ஜெர்மனில ஒரு பல்கலைக்கழக நூலகம். புத்தக விவரங்களை கம்ப்யூட்டர்ல ஏத்தறதுக்கு மாணவர்களை எடுத்தாங்க. 3 மணி நேர வேலை, மணிக்கு 12 யூரோ. இது ஒரு பரிசோதனைன்னு அவங்களுக்குத் தெரியாது. செபாஸ்டியன் கூபே, மிஷெல் மரேஷல், கிளெமென்ஸ் புப்பேன்னு 3 பொருளாதார ஆய்வாளர்கள் நடத்தினது. 2012ல 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழ்ல வந்துச்சு.

ஒரு குரூப்புக்கு பேசின சம்பளம் மட்டும். இன்னொரு குரூப்புக்கு வேலை ஆரம்பிக்கும்போதே எதிர்பாராம 7 யூரோ கூடுதல் பணம், அதாவது சம்பளத்துல கிட்டத்தட்ட 20 சதவீதம். மூணாவது குரூப்புக்கு அதே 7 யூரோ மதிப்புள்ள ஒரு தெர்மோ ஃப்ளாஸ்க், அழகா பேப்பர் சுத்தி.

பணம் வாங்கினவங்க வேலை சுமார் 5 சதவீதம்தான் கூடுச்சு. புள்ளியியல் கணக்குல அது இருந்தும் இல்லாத மாதிரி. ஃப்ளாஸ்க் வாங்கினவங்க வேலை சுமார் 25 சதவீதம் கூடுச்சு.

"ஒருவேளை ஃப்ளாஸ்க் விலை அதிகம்னு நினைச்சிருப்பாங்களோ?"ன்னு தோணும். விலைச்சீட்டோட குடுத்தும் பாத்தாங்க, அதே கதைதான். "அப்போ அவங்களுக்கு ஃப்ளாஸ்க்தான் வேணும் போல"ன்னு தோணும். அதையும் பாத்தாங்க. "பணமா, ஃப்ளாஸ்க்கா, நீங்களே எடுத்துக்கோங்க"ன்னு சொன்னப்ப பெரும்பாலானவங்க பணத்தைத்தான் எடுத்தாங்க. ஆனா வேலை அப்பவும் நல்லாவே கூடுச்சு!

கடைசியா ஒண்ணு. 5 யூரோ நோட்டை காகிதக் கைவேலை மாதிரி சட்டை வடிவத்துல மடிச்சு, 2 யூரோ நாணயத்துல சிரிச்ச முகம் வரைஞ்சு குடுத்தாங்க. அதே 7 யூரோ காசுதான். ஆனா எல்லாத்தையும் விட நல்ல பலன் குடுத்தது இதுதான்.

அப்போ விஷயம் காசா பொருளாங்கறதுல இல்ல. "எனக்காக இவங்க நேரம் செலவு பண்ணி யோசிச்சிருக்காங்க"ன்னு வாங்கறவங்களுக்குத் தெரியுதா இல்லையாங்கறதுதான் விஷயம். பரிசுங்கறது ஒரு பேச்சு. அது என்ன சொல்லுதுன்னுதான் மக்கள் கேக்கறாங்க.

ஒரு எச்சரிக்கை: அது 3 மணி நேர வேலை, எதிர்பாராத பரிசு. வருஷம் பூரா டார்கெட்டோட ஓடற டீம்ல அந்த 25 சதவீதம் அப்படியே வரும்னு யாரும் பிபிடி போட வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த எண் இல்ல, காரணம்.

அக்கவுன்ட்ல விழுந்தா காணாமப் போகும்

காசு தராத பரிசுக்கு இன்னும் 3 பலம் உண்டு.

ஒண்ணு, தனியா நிக்கும். 5,000 ரூபாய் சம்பளத்தோட சேந்து வந்தா இஎம்ஐ, வாடகை, ஸ்விக்கின்னு கரைஞ்சிடும். ஒரு மாசம் கழிச்சு அது எங்க போச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அதே காசுக்கு குடும்பத்தோட ஒரு நல்ல சாப்பாடுன்னா, வருஷம் கழிச்சும் ஞாபகம் இருக்கும். நாம மனசுக்குள்ள பணத்தைத் தனித்தனி டப்பால போட்டு வைக்கறோம்னு ரிச்சர்ட் தேலர் சொன்னாரு. 2017ல பொருளாதார நோபல் வாங்கினவர்.

ரெண்டு, குற்ற உணர்ச்சி இல்லாம அனுபவிக்கலாம். நல்ல ஹெட்போன் வாங்க நமக்கே ஆசை இருக்கும், ஆனா "இவ்ளோ காசு போட்டா?"ன்னு மனசு தடுக்கும். ஜெயிச்சு வந்ததுன்னா அந்தத் தடை இல்ல.

மூணு, வெளில சொல்லலாம். "எனக்கு இந்த மாசம் இவ்ளோ கமிஷன்"னு சொந்தக்காரங்க வீட்டுல சொல்ல முடியாது. "ஆபீஸ்ல குடுத்தாங்க"ன்னு ஒரு பொருளைக் காட்டலாம்.

பிங்க் காடிலாக்

மூணாவது பலத்தை உச்சத்துக்குக் கொண்டு போனது அமெரிக்காவோட மேரி கே அழகுசாதன கம்பெனி. 1963ல டல்லாஸ்ல மேரி கே ஆஷ் ஆரம்பிச்சது. 1968ல தனக்குன்னு ஒரு காடிலாக் வாங்கி, அதுக்கு பிங்க் பெயிண்ட் அடிச்சாங்க. அடுத்த வருஷம் விற்பனைல முதல் 5 இடத்துல வந்த பெண்களுக்கு அதே மாதிரி பிங்க் காடிலாக் பரிசு. ரோட்டுல போனா யாரோட கார், எதுக்குக் கிடைச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். பேங்க் பேலன்ஸ் செய்ய முடியாத வேலையை அந்தக் கலர் செஞ்சது.

ஆனா மறுபக்கமும் பாக்கணும். மேரி கே ஒரு மல்டி லெவல் மார்க்கெட்டிங் அமைப்பு. விக்கறவங்க கம்பெனி ஊழியர் இல்ல, மாசச் சம்பளம் கிடையாது. காரும் பிற்காலத்துல சொந்தமா இல்லாம லீஸ் முறைக்கு மாறுச்சு; விற்பனை அளவைத் தக்க வெச்சாத்தான் இலவசம். பளபளன்னு ஒரு கார் மேடைல நிக்கும்போது, "மத்தவங்க கைல மாசம் என்ன மிஞ்சுது?"ங்கற கேள்வியை யாரும் கேக்கறதில்ல.

அதனாலதான் முதல் விதி: அடிப்படைச் சம்பளமும் கமிஷனும் நியாயமா, சொன்ன தேதில வந்துட்டு இருந்தாதான் பரிசைப் பத்தியே பேசணும். கமிஷனை 3 மாசம் பாக்கி வெச்சிட்டு ஒரு காபி கப்பை நீட்டினா, அந்தக் கப் சொல்ற செய்தி என்ன? "உன்னை ஏமாத்தறது இவ்ளோ சுலபம்"ங்கறதுதான். அப்படி ஒரு டீம்ல நீங்க இருந்தா, கப் நல்லா இருக்குன்னு சமாதானம் ஆக வேண்டாம். பாக்கியை மெயில்ல எழுதிக் கேளுங்க.

எப்பவும் அதே ஆள் ஜெயிச்சா?

எல்லா சேல்ஸ் டீம்லயும் ஒருத்தர் இருப்பாரு. எந்தப் போட்டி வெச்சாலும் அவருதான் ஃபர்ஸ்ட். "முதல் இடத்துக்கு ஒரு கோவா ட்ரிப்"னு அறிவிச்ச நிமிஷமே மீதி 11 பேருக்கும் முடிவு தெரிஞ்சிடும். பட்ஜெட் பூராவும், எப்படியும் நல்லா வித்திருக்கப் போற ஒரு ஆளுக்கே போயிடும்.

தாமஸ் ஸ்டீன்பர்க், மைக்கேல் அஹெர்ன் ரெண்டு பேரும் 2012ல 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ'ல இதைப் பத்தி எழுதினாங்க. டீமை நட்சத்திரங்கள், நடுத்தரம், பின்தங்கினவங்கன்னு பிரிச்சா, முன்னேற இடம் அதிகமா இருக்கறது நடுத்தரத்துலதான். போட்டில பல படிகள்ல பரிசு வெச்சா அவங்க முயற்சி பண்ணுவாங்க.

என் பாஷைல சொன்னா, ஏற்கனவே வேகமா ஓடற சர்வரை இன்னும் வேகமாக்கறதை விட, நடுவுல திணறற 8 சர்வரை சரி பண்ணினா சிஸ்டம் நல்லா ஓடும். அதுக்கு ஒரு எளிய வழி, மத்தவங்களோட ஒப்பிடாம, அவங்கவங்களோட போன குவார்ட்டரோட ஒப்பிடறது.

பரிசு கெடுக்கவும் செய்யும்

அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ வங்கியை எடுத்துக்கோங்க. ஒரு கஸ்டமருக்கு 8 ப்ராடக்ட் விக்கணும்ங்கறது அவங்க இலக்கு. போனஸ் ஒரு பக்கம், வேலை போயிடும்ங்கற பயம் ஒரு பக்கம். ஊழியர்கள் என்ன பண்ணாங்க? கஸ்டமருக்கே தெரியாம அவங்க பேர்ல அக்கவுன்ட் தொறந்தாங்க. 2016 செப்டம்பர்ல 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்களுக்கு வேலை போச்சு. எண்ணிக்கையை மட்டும் அளந்தா எண்ணிக்கை மட்டும்தான் வரும். அங்க போனஸுக்குப் பதிலா சுற்றுலா குடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கோளாறு அளவுகோல்ல.

இன்னொண்ணு அமைதியான ஆபத்து. அமெரிக்காவுல ஒரு லாண்டரி கம்பெனிக்கு 5 ஆலைகள். அதுல ஒண்ணுல மட்டும், மாசம் பூரா லீவு போடாம, லேட் ஆகாம வந்தவங்களைப் பாராட்டி, குலுக்கல்ல 75 டாலர் கிஃப்ட் கார்டு குடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா அதுக்கு முன்னாடி எந்தப் பரிசும் இல்லாமலே நேரத்துக்கு வந்துட்டிருந்தவங்களோட வேலைத் திறன் குறைஞ்சுது. அவங்களா செஞ்சிட்டிருந்த விஷயத்துக்கு, லேட்டா வந்தவங்களுக்கு இப்போ பரிசு! பரிசு வாய்ப்பை இழந்த மாசத்துல சில பேர் மறுபடியும் லேட்டா வர ஆரம்பிச்சாங்க. மொத்தத்துல அந்த ஆலையோட உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் இறங்குச்சு.

அப்போ என்னதான் குடுக்கலாம்?

சின்ன பட்ஜெட்ல பண்ணக்கூடிய சில விஷயங்கள்:

*நேரம்.* குவார்ட்டர் முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை லீவு. அன்னிக்கு மேனேஜர்கிட்ட இருந்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் கூட வரக் கூடாது. வந்தா அது லீவு இல்ல.

*வீட்டுக்கு ஒரு கடிதம்.* சென்னைல பிறந்து பெப்சிகோ தலைமைக்குப் போன இந்திரா நூயி, தன்கிட்ட வேலை பாத்த மூத்த அதிகாரிகளோட அப்பா அம்மாவுக்கு நன்றிக் கடிதம் எழுதினாங்க. தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு சென்னை வந்தப்ப, வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் தன்னை விட அம்மாவைத்தான் அதிகமா பாராட்டினதைப் பாத்து வந்த யோசனை அது. செலவு ஒரு தபால்தலை. ஆனா டெம்ப்ளேட்ல பேரை மட்டும் மாத்தி அனுப்பினா பலன் பூஜ்யம். அவர் என்ன செஞ்சாருன்னு எழுதணும்.

*குரலுக்கு மதிப்பு.* கஸ்டமர் கேக்கற ஒரு வசதியை சேல்ஸ் ஆள் மாசக்கணக்கா சொல்லிட்டே இருப்பாரு, நாங்க "பேக்லாக்ல இருக்கு"ம்போம். அடுத்த ரிலீஸ்ல அதை செஞ்சு, யார் கொண்டு வந்த யோசனைன்னு ரிலீஸ் நோட்ல பேர் போடுங்க. எங்களை மாதிரி எஞ்சினியர்கள் சேல்ஸ் டீமுக்குக் குடுக்கக்கூடிய பரிசு இதுதான்.

*தேர்வு.* நாலஞ்சு விஷயத்தை வெச்சு அவங்களையே எடுத்துக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் மேடையும் மாலையும் பிடிக்காது. சில பேருக்கு தனியா சொல்ற ஒரு வார்த்தை போதும்.

*உதவினவங்களுக்கு.* டீலை முடிச்சவருக்கு மட்டும் இல்லாம, அவருக்கு டெமோ தயார் பண்ணிக் குடுத்தவருக்கும். யாருக்குன்னு டீமே சொல்லட்டும்.

பொருளோ வவுச்சரோ குடுக்கறதா இருந்தா, வரி விஷயத்தை முன்னாடியே அக்கவுன்ட்ஸ்ல கேட்டுக்கோங்க. ஒரு வரம்புக்கு மேல போனா அதுவும் சம்பள வருமானமா கணக்காகும். பரிசு வாங்கின மாசம் டிடிஎஸ் பிடிச்சா, அந்தப் பரிசு பேசற பேச்சே மாறிடும்.

12 பேர் டீம்னா, இந்த வாரம் ஒரு நோட்டை எடுத்து 12 பேரையும் எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் நேரா, அவங்க கடைசியா நல்லா பண்ண ஒரு விஷயத்தையும், அவங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயத்தையும் எழுதுங்க. எந்தப் பேருக்கு நேரா காலியா இருக்கோ, அவர்கிட்ட போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க. பட்ஜெட்டை அதுக்கப்புறம் பிரிக்கலாம்.

உங்களுக்கு வேலைல கிடைச்சதுல இன்னும் பத்திரமா வெச்சிருக்கற பரிசு எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.