இக்கரையில் முடிந்த கலகம்

ஆடிப் பதினெட்டன்று விடியற்காலையில் மல்லசமுத்திரத்திலிருந்து மேற்கே புறப்படும் ஜனங்களில், முளைப்பாரியும் மஞ்சள் கயிறும் ஏந்திக் காவிரிக்குப் போகிறவர்கள் ஒரு சாரார். பூமாலையோடு சங்ககிரி மலையடிவாரத்தில் இறங்கிவிடுகிறவர்கள் மற்றொரு சாரார். 1805 ஜூலை 31-ஆம் தேதி, அதாவது அவ்வாண்டு ஆடிப் பெருக்கன்று, கம்பெனியாரை எதிர்த்த பாளையக்காரர் தீரன் சின்னமலையும் அவர் தம்பியரும் அந்த மலைக்கோட்டையிலே தூக்கிலிடப்பட்டார்கள் என்பதைக் கொங்கு நாடு இன்னும் மறக்கவில்லை.

சின்னமலையின் இருப்பிடமான ஓடாநிலை காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது. நம் சீமையோ இக்கரையில். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமஹாலையும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நாள் முதல், கம்பெனி அதிகாரிகளான ரீடும் அவர்கீழ் மன்றோவும் நம் முன்னோருடைய வயல்களை ஒவ்வொன்றாக அளந்து தீர்வை விதித்துக்கொண்டிருக்க, ஆற்றைத் தாண்டிய கோயமுத்தூர்ப் பிரதேசம் மேலும் ஏழாண்டு மைசூர் ராஜ்யமாகவே இருந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அங்கும் கம்பெனி நுழைந்தபோதுதான் பாளையக்காரர்கள் ஆயுதம் எடுத்தார்கள். மறுவருஷம் கோவையைத் தாக்க அவர்கள் செய்த முயற்சி முறிந்தது. ஆயினும் காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று மூன்று இடங்களில் சின்னமலை கம்பெனிப் படையைப் புறங்காட்டச் செய்தார் என்று கொங்கு நாட்டார் பெருமையோடு சொல்லி வருகிறார்கள். பழனிப் பக்கத்தில் ஒளிந்திருந்தவரைச் சமையற்காரன் காட்டிக்கொடுத்தான் என்பதும் செவிவழி வந்த செய்தியே.

புதிதாக வந்த ராஜாங்கத்தைக் குடியானவன் முதன்முதலில் அறிந்துகொள்வது அதன் கொடியால் அல்ல, களத்துமேட்டுக்கு அது அனுப்பும் ஆளால்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். வேறு தேசத்திலும் இதைக் காணலாம்: ருஷ்யாவில் சோவியத் ஆட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தானியத்தைப் பலவந்தமாகப் பறிக்கப் படைகள் வந்தமையால் தம்போவ் மாகாணத்து விவசாயிகள் 1920-இல் அந்தோனவ் தலைமையில் கிளர்ந்தார்கள். அவர்களை அடக்கச் செஞ்சேனைத் தளபதி துக்காச்செவ்ஸ்கி காடுகளில் விஷவாயுவைப் பிரயோகிக்கவும் 1921-இல் உத்தரவிட்டார். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் லெனின் அந்தப் பறிமுதலைக் கைவிட்டு நிர்ணயமான தானிய வரியை ஏற்படுத்தினார். கலகம் தோற்றும் குடியானவனுக்குச் சிறிது மூச்சு விட இடம் கிடைத்தது. கொங்கிலே அப்படி எதுவும் நிகழவில்லை. இங்கே வயல் அளந்த மன்றோ 1820-இல் சென்னைக்குக் கவர்னராகவே வந்து, குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை மாகாணத்தின் பெரும்பகுதியில் ஸ்தாபித்தார். பாளையக்காரர்களின் வசூலும் லேசானதல்ல என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அவர்கள் நம் மண்ணின் பாஷையில் பேசி வசூலித்தார்கள், வறட்சி வந்தால் அவர்களிடம் நேரே போய் முறையிடலாம்.

சங்ககிரி மலையில் ஏறுகிறவர், ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்துநிற்கும் மதில்களின் வாசல்களை ஒவ்வொன்றாகக் கடக்கவேண்டும். ஆடி வெயிலில் அந்தக் கருங்கல் உள்ளங்காலைச் சுடுகிறது. கைகளைக் கட்டி இழுத்துவரப்பட்ட மனிதர் இத்தனை வாசல்களையும் ஏறிக் கடந்திருப்பாரே என்று நினைக்கும்போது, எனக்கு அடுத்த படியில் கால் வைக்க மனம் வருவதில்லை.

மாலையில் கோட்டைக்குப் போனவர்களும் ஆற்றுக்குப் போனவர்களும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். பெண்களின் கழுத்தில் அன்று மாற்றிய தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் ஈரமாக இருக்கிறது. மழை பெய்திருந்தால் மறுநாள் விதைப்பு.