லினக்ஸில் தபால் பார்க்க ஒரு நிரல்

1998 வாக்கில், லினக்ஸ் கணினியில் மின்னஞ்சலுக்கு எந்த நிரல் நல்லது என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்காது. ஐந்து பெயர்கள் கிடைக்கும். சர்வரிலிருந்து கடிதங்களை இழுத்து வர ஃபெட்ச்மெயில். வந்ததைப் பிரித்துப் போட ப்ராக்மெயில். படிக்க மட் அல்லது பைன். பதில் எழுத விஐ அல்லது ஈமேக்ஸ். எழுதியதை அனுப்பி வைக்க சென்ட்மெயில். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு அமைப்புக் கோப்பு. சென்ட்மெயிலின் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தத் தெரிந்தவருக்கு நண்பர் வட்டத்தில் தனி மரியாதை உண்டு.

இப்படிப் பிரித்து வைத்ததற்குத் தொலைபேசிக் கட்டணமும் ஒரு காரணம். மோடத்தில் இணைப்பைப் போட்டு, கடிதங்களை அள்ளிக்கொண்டு, உடனே துண்டித்துவிட வேண்டும். நிதானமாகப் படித்து, பதில்களை வரிசையில் நிறுத்தி வைத்து, அடுத்த முறை இணையும்போது மொத்தமாக அனுப்ப வேண்டும். ஃபெட்ச்மெயிலும் சென்ட்மெயிலும் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தின. எரிக் ரேமண்ட் ஃபெட்ச்மெயிலை வளர்த்த அனுபவத்தை வைத்துத்தான் 1997-ல் ‘கதீட்ரலும் பஜாரும்’ கட்டுரையை எழுதினார். திறமூல இயக்கத்துக்கே கொள்கை நூல் ஆகிவிட்ட அந்தக் கட்டுரை, தபால் இழுத்து வரும் ஒரு சின்ன நிரலின் கதைதான்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, விலை குறைந்த ஷெல் கணக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். அங்கே தபால் பார்க்க இருந்தது பைன். லினக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாத பலரும் முதல் மின்னஞ்சலைப் படித்தது அந்த நிரலில்தான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் அலுவலக ஊழியர்களுக்காக 1989-ல் எழுதத் தொடங்கியது அது. திரையின் அடியில் இரண்டு வரிகளில் எந்த எழுத்தைத் தட்டினால் என்ன நடக்கும் என்று எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். கையேட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. இவ்வளவு எளிமையாக அமைந்த தபால் நிரல் பிற்பாடும் அதிகம் வரவில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் பைனின் உரிமம் முழுச் சுதந்திரம் தரவில்லை. திருத்திய நிரலைக் கட்டி விநியோகிக்க அனுமதி இல்லை என்று பல்கலைக்கழகம் சொன்னதால், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அதை மூலநிரலாக மட்டும் கொடுத்தது. வேண்டுபவர் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். பைனோடு ஒட்டிப் பிறந்த பிக்கோ என்ற எழுத்துக் கருவிக்கும் அதே கதி. அதற்கு மாற்றாக எழுதப்பட்டதுதான், இன்று டெபியனிலும் உபுண்டுவிலும் இருக்கும் நேனோ. கடைசியில் 2007-ல் பல்கலைக்கழகமே பைனைப் புதுப்பித்து, ஆல்பைன் என்று பெயரிட்டு, அப்பாச்சி உரிமத்தில் விட்டது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. உரிம விவகாரம் பிடிக்காதவர்களில் பலர், மைக்கேல் எல்கின்ஸ் 1995-ல் எழுதிய மட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எல்லாத் தபால் நிரல்களும் மோசம், இது கொஞ்சம் குறைவாக மோசம் என்பதுதான் அதன் சுயவிளம்பரம்.

நிரலைத் தேர்ந்தெடுக்கும்போது அன்று உண்மையில் கவனிக்க வேண்டியிருந்தது, கடிதங்களை அது வன்தட்டில் எப்படி வைக்கிறது என்பதை. பழைய முறை எம்பாக்ஸ். ஒரு கோப்புறையில் உள்ள அத்தனை கடிதங்களும் ஒரே கோப்பில், ஒன்றின் வாலில் அடுத்தது ஒட்டிக் கிடக்கும். ஒரு கடிதம் எங்கே முடிகிறது என்பதை நிரல் எப்படி அறியும்? ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் புதுக் கடிதம் என்று பொருள். எழுதுபவர் தம் வாக்கியத்தையே அந்தச் சொல்லில் தொடங்கினால்? வாசகம் இரண்டு கடிதமாகப் பிளந்துவிடும். அதைத் தடுக்க, அப்படிப்பட்ட வரியின் முன்னால் ஒரு கோண அடைப்பை நிரலே சொருகிவிடும். பழைய கடிதங்களில் காரணமே இல்லாமல் ஒரு அம்புக்குறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுதான் காரணம். நடுவில் ஒரு கடிதத்தை நீக்கினால் மொத்தக் கோப்பையும் திருப்பி எழுத வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். டேனியல் பெர்ன்ஸ்டைன் கியூமெயில் என்ற தபால் சர்வருக்காக வகுத்த மெயில்டிர் இதைத் தீர்த்தது: ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு தலைவலி இருந்தது. டிஸ்கி போன்ற குறியீடுகள் ஒரு பைட்டின் மேல்பாதியில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தன. எட்டாவது பிட்டை மதிக்காத பழைய சர்வர் வழியில் ஒன்று இருந்தாலும் கடிதம் குப்பையாகும். தப்பித்து வந்தாலும், கடிதத்தின் தலைப்பில் எழுத்துக்குறியீட்டின் பெயரைச் சொல்லும் வரியில் தமிழுக்கென்று போட ஒரு பெயர் இல்லை. நெட்ஸ்கேப்பில் ‘பயனர் வரையறுத்தது’ என்பதைத் தேர்ந்து, அதற்குத் தமிழ் எழுத்துருவை ஒதுக்கி, அனுப்பியவரும் அதே குறியீட்டைத்தான் வைத்திருக்கிறார் என்று நம்பிப் படிக்க வேண்டும். யூனிகோட் வந்து இந்தக் குழப்பத்தை முடித்தது. கூடவே கனத்தையும் கொண்டுவந்தது. யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். பழைய சர்வர்களுக்காகக் கடிதத்தைச் சுற்றிக் கட்டும் ஒரு முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறிகள். அது வழியில் போகும்போது 45 எழுத்து. மூலக் கடிதத்தைத் திறந்து பார்த்தால் சமக்குறிகளின் அணிவகுப்பு மட்டும்தான் தெரியும்.

திரையில் காட்டுவது வேறு பிரச்சினை. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் வைக்கப் பார்க்கும். ‘கொ’ மாதிரி இரு பக்கமும் கை நீட்டும் எழுத்துக்கு அங்கே இடம் சரிப்படாது. அதனால் தமிழில் கடிதப் போக்குவரத்து உள்ளவருக்கு மட் சுகமான தேர்வு இல்லை, இன்றும் அப்படித்தான். 2002-ல் க்னோம் மேசையின் அடிப்படை நூலகமான ஜிடிகே 2, பேங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தோடு வந்த பிறகுதான் க்னோம் நிரல்களில் தமிழ் ஒழுங்காக உட்கார்ந்தது. பேங்கோ துணையில்லாமல் கட்டப்பட்ட பழைய மோசில்லா நிரல்களில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஜன்னல்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேடிஇ மேசைக்குக் கேமெயில். ஜப்பானிலிருந்து சில்ஃபீட், அதிலிருந்து கிளைத்த கிளாஸ் மெயில். 2001 டிசம்பரில் சிமியன் நிறுவனத்தின் எவலூஷன் 1.0, பார்வைக்கு அச்சு அசல் அவுட்லுக். நிரல் இலவசம், அலுவலகத்து எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு பேச வைக்கும் கனெக்டருக்குத் தனியாக 69 டாலர். சிமியனை வாங்கிய நோவெல் 2004-ல் அதையும் திறமூலமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மோசில்லாவின் தண்டர்பேர்ட் 1.0 வந்தது. குப்பைக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும் வடிகட்டி அதன் பெரிய கவர்ச்சி.

ஆனால் 2004-ன் பெரிய செய்தி அதுவல்ல. ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை அறிவித்தது: ஒரு ஜி.பி. இடம். ஹாட்மெயில் 2 எம்.பி.யும் யாஹூ 4 எம்.பி.யும் தந்துகொண்டிருந்த நேரம் அது. கடிதங்களை வீட்டுக் கணினிக்கு இறக்கி வைக்க முக்கியக் காரணமே சர்வரில் இடம் இல்லாததுதான். அந்தக் காரணம் போனதும், உலாவியிலேயே பார்த்துக்கொள்ளலாமே, தனி நிரல் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகினார்கள். லினக்ஸ்காரர்களும் விதிவிலக்கில்லை.

அடுத்த பத்தாண்டு மேசை நிரல்களுக்குச் சோதனைக் காலம். கேமெயில் 2011-ல் அகோநாடி என்ற புது அடித்தளத்துக்கு மாறியது; கடிதம் வைக்க ஓர் அலமாரி கேட்டவருக்குக் கிடங்கையே கட்டிக் கொடுத்த மாதிரி, பின்னணியில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கடிதங்களைப் புது அமைப்புக்கு மாற்றுவதில் பட்ட சிரமத்தால் பலர் அதைக் கைவிட்டார்கள். 2011 அக்டோபரில் உபுண்டு எவலூஷனை விட்டுத் தண்டர்பேர்டுக்கு மாறியது. ஒன்பதே மாதத்தில், 2012 ஜூலையில், தண்டர்பேர்டில் இனிப் புது வசதிகளுக்கு ஆள் போடுவதில்லை, பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் என்று மோசில்லா அறிவித்தது. 2013-ல், கியரி என்ற தபால் நிரலை எழுதிய யோர்பா அமைப்பு பொதுமக்களிடம் ஒரு லட்சம் டாலர் திரட்டப் பார்த்தது, அது நிறைவேறவில்லை.

செத்துவிட்டது என்று எல்லோரும் எழுதிவைத்த தண்டர்பேர்ட் பிழைத்ததுதான் ஆச்சரியம். 2020 ஜனவரியில் அதற்கென்று மோசில்லா அறக்கட்டளையின் கீழ் எம்இசட்எல்ஏ என்ற தனி நிறுவனம் அமைந்தது. 2022-ல் பயனர்கள் கொடுத்த நன்கொடை 64 லட்சம் டாலர். பழைய காலத்தில் எனிக்மெயில் என்ற துணை நிரலைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்த ஓப்பன்பிஜிபி மறையாக்கம், 2020-ன் 78-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. காசு கொடுக்கக் கடமைப்படாத மக்கள் கொடுத்த காசில் ஓடுகிறது.

இருந்தும் இன்று நிரல் தேடுபவரின் முதல் கேள்வி, வசதிகளைப் பற்றியதாக இருக்க முடியாது. என் கணக்கு இருக்கும் சர்வர் இந்த நிரலை உள்ளே விடுமா என்பதே கேள்வி. முன்பு சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் இருந்தால் எந்த நிரலும் நுழையலாம். ஒருவர் ராத்திரியில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட்கூட நுழையலாம். தனிநபர் கணக்குகளுக்கு இந்த வழியைக் கூகுள் 2022 மே 30-ல் அடைக்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அதே ஆண்டு அக்டோபரில் அடைக்கத் தொடங்கியது. இப்போது வழி ஓஆத். ஒரு உலாவிப் பக்கம் திறக்கும். அங்கே நீங்கள் நுழைந்து, ‘இந்த நிரலுக்கு அனுமதி’ என்று அழுத்த வேண்டும். நிரலுக்கு ஒரு சீட்டு கிடைக்கும். கடவுச்சொல்லை நிரல் பார்ப்பதே இல்லை. திருட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். அந்தச் சீட்டைக் கேட்க நிரலுக்கே ஓர் அடையாள எண்ணும் இரகசியக் குறியும் வேண்டும். நிரலை எழுதியவர் கூகுளிடமும் மைக்ரோசாஃப்டிடமும் பதிவு செய்து அவற்றைப் பெற வேண்டும். திறமூல நிரலில் இரகசியத்தை எங்கே ஒளிப்பது? மூலநிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறது. தண்டர்பேர்டின் குறியையும் யாரும் பார்க்கலாம். பெரிய திட்டங்களுக்குப் பதிவும் சரிபார்ப்பும் சமாளிக்கக்கூடியவை. எவலூஷனும் கியரியும் க்னோம் மேசையின் ‘இணையக் கணக்குகள்’ வழியாக நுழைந்துகொள்கின்றன. தனி ஒருவர் பொழுதுபோக்காக எழுதும் நிரலுக்குத்தான் இது மலை. மட்காரர்கள் அதனோடு வரும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, அடையாள எண்ணைத் தாங்களே பதிந்து வாங்கி ஒப்பேற்றுகிறார்கள். ஜிமெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ‘செயலிக் கடவுச்சொல்’ வாங்கி நுழையும் பின்வாசலும் தனிநபர்களுக்கு உண்டு. கல்லூரி, அலுவலகக் கணக்கு என்றால் எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ‘நிர்வாகியின் அனுமதி தேவை’ என்று ஒரு திரை வந்து நிற்கும். அந்த நிர்வாகி தண்டர்பேர்ட் என்ற பெயரைக் கேட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே தேர்வு குறித்து என் கருத்து இதுதான். எக்ஸ்சேஞ்ச் கணக்கும் அதன் நாட்காட்டியும் பிழைப்புக்குத் தேவை என்றால் எவலூஷன். அந்தச் சர்வரோடு பழகிய அனுபவம் அதற்கு அதிகம். தண்டர்பேர்ட் 2025 நவம்பரின் 145-ஆம் பதிப்பில்தான் எக்ஸ்சேஞ்ச் அஞ்சலை நேரடியாகப் பேசக் கற்றது. அது கற்ற இடைமுகத்தையோ, 2026 அக்டோபரில் தன் ஆன்லைன் சேவையில் நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே சொல்லிவிட்டிருந்தது. மற்றபடி பெரும்பாலோருக்குத் தண்டர்பேர்ட் போதும். பத்து வருடப் பழைய மடிக்கணினியா, கிளாஸ் மெயில். ஒரு எச்சரிக்கை: வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தண்டர்பேர்ட் புதுத் தோற்றத்துக்குள்ளே கடிதங்களை இன்னும் எம்பாக்ஸில்தான் வைக்கிறது. நீக்கிய கடிதம், கோப்புறையைச் சுருக்கும் வரை கோப்பிலேயே கிடக்கும்.

லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்கள் மட்டும் இந்த மாற்றங்கள் எதற்கும் பெரிதாக அசையவில்லை. நிரல் திருத்தங்களை அவர்கள் இன்றும் சாதாரண எழுத்தாக மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். வரி மடங்கக் கூடாது, டேப் இடைவெளியாக மாறக் கூடாது, எச்டிஎம்எல் கூடவே கூடாது. எந்தத் தபால் நிரலை எப்படி அமைத்தால் திருத்தம் சிதையாமல் போகும் என்று சொல்ல, கெர்னலின் ஆவணங்களிலேயே ஒரு பக்கம் உண்டு. ஆல்பைன், மட், எவலூஷன், கேமெயில், தண்டர்பேர்ட் எல்லாவற்றுக்கும் அங்கே குறிப்பு இருக்கிறது. ஜிமெயிலின் வலைப்பக்கமும் பட்டியலில் இருக்கிறது. திருத்தம் அனுப்ப அது உதவாது என்ற குறிப்போடு.