ரோதமுனியும் ஐ.எஸ்.ஓ. 45001-உம்

கண்டியைச் சுற்றிய மலைகளில், தேயிலை ஸ்டோர்களின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளின், பாதுகாப்பு ஒரு காலத்தில் ரோதமுனியின் பொறுப்பில் இருந்தது. மலையகத் தொழிலாளர் தங்கள் வேலையோடு சேர்த்து உருவாக்கிக்கொண்ட தெய்வங்களில் அவரும் ஒருவர். மலையில் செடி வெட்டக் கத்தி பிடிப்பவர்களுக்குக் கவ்வாத்துச் சாமி இருந்ததுபோல, ஸ்டோரில் சுழலும் சக்கரங்களுக்கு இந்த முனி. சக்கரம் ஆளைப் பலி கேட்கக்கூடாது என்பதே அவரிடம் வைத்த வேண்டுதல்.

இன்று சான்றிதழ் பெற்ற ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தால், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்குவதைக் காணலாம். தொழில்சார் சுகாதார, பாதுகாப்புக் கொள்கை என்பது அதன் தலைப்பு. கீழே நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் கையொப்பமிட்டிருப்பார். ஐ.எஸ்.ஓ. 45001 என்ற சர்வதேசத் தரம், பொறுப்பு அந்தத் தலைமையிடம் இருக்கவேண்டும் என்கிறது. முனியும் தாளும் ஒரே அச்சத்துக்கு மனிதர் தேடிய இரண்டு பதில்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்துசேர இந்த மலைகளுக்கு நெடுங்காலம் எடுத்தது.

தொடக்கத்தில் சக்கரமே இருக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, அவருடைய பங்களா விறாந்தைதான் ஸ்டோர். கொழுந்தை மேசையில் பரப்பிக் கையால் உருட்டினார்கள். மண் அடுப்பில் கரியின் அனலில் உலர்த்தினார்கள். அன்றைய ஆபத்து சூடும் புகையும். 1872 அளவில் டெய்லர் கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்த மலைகளெல்லாம் தேயிலையாகின. மலைக்கு ஒரு ஸ்டோர் எழுந்தது. ஸ்டோருக்கு ஒரு ரோதை, அதாவது சக்கரம், வந்தது.

ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட ஸ்டோர் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஓய்ந்து நிற்கும் பழைய இயந்திரங்களைப் பார்த்தால் அன்றைய வேலையிடத்தை ஓரளவு கற்பனை செய்யலாம். ஒரு மூலையில் ஓர் எஞ்சின். அது கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும் ஒரே தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து ஒவ்வோர் உருளைக்கும் ஒவ்வொரு சல்லடைக்கும் தட்டையான பெல்ட்டுகள் இறங்கும். ஒரு பெல்ட்டில் வேட்டி நுனி சிக்கினால் அந்த ஒரு இயந்திரத்தை மட்டும் உடனே நிறுத்துவது எளிதல்ல. எஞ்சின் இருக்கும் மூலைவரை குரல் எட்டவேண்டும். அங்கிருப்பவர் எஞ்சினை அடக்கவேண்டும். அதன் பிறகும் தண்டு தன் வேகம் தீரும்வரை சுற்றும். இன்று ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார். அசையும் பகுதிகளுக்குக் கம்பி வலை. கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான். தொழிற்சாலைக்குள் நடந்த மாற்றங்களில் அதிக விரல்களைக் காத்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

சக்கரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. தூசி அப்படியல்ல. சல்லடை அறையில் தேயிலைத் தூசும் பஞ்சும் மிதக்கும் காற்றில் ஆண்டுக்கணக்காக நின்றவர்களின் இளைப்பு, மலைக் குளிரின் கணக்கில் எழுதப்பட்டது. மார்புநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970 இல் பிரித்தானியத் தொழில் மருத்துவ ஆய்விதழில் தேயிலை தயாரிப்போருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினார். அன்று வாயில் சுற்றிய துணித் துண்டே முகக்கவசம். இன்று தூசி உறிஞ்சும் விசிறிகளும் முகக்கவசங்களும் உண்டு. அவை ஒழுங்காக ஓடுகின்றனவா, ஒழுங்காக அணியப்படுகின்றனவா என்று கேட்க ஒரு கணக்காய்வும் உண்டு.

விபத்துக்குப் பின்னால் வரும் சட்டம் ஒன்று உண்டு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், உடலின் எந்த உறுப்பு போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போனதாகக் கொள்வது என்று அட்டவணை போட்டது. அதைக் கல்நெஞ்சக் கணக்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு முன் அந்தக் கணக்குக்கூட இல்லை. தோட்டத்தை நடத்திய துரையின் மனம் இருந்தது, அவ்வளவே. 2022 திருத்தம் உச்ச நட்டஈட்டை 550,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் உள்ளே எடுத்தது. இடையில், 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது; பரிசோதகருக்கு உள்ளே நுழையும் உரிமை கொடுத்தது. இவற்றில் முதலாவது போன கைக்கு விலை வைத்தது. இரண்டாவது, கையையும் சக்கரத்தையும் பிரித்து வைக்கப் பார்த்தது.

மூன்றாவது படி சட்டத்திலிருந்து வரவில்லை. வேலி போட்டாயா என்று கேட்பதோடு நில்லாமல், எங்கே வேலி வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கும் ஒழுங்கு உன்னிடம் உண்டா என்று கேட்பது அது. இதை உலகம் ஒரே மனத்தோடு ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1996 இல் பிரித்தானியா பி.எஸ். 8800 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதே ஆண்டு ஜெனீவாவில் சர்வதேசத் தர அமைப்பு கூட்டிய பட்டறையில், இத்துறைக்கு ஐ.எஸ்.ஓ. தரம் வேண்டாம் என்ற எண்ணமே மேலோங்கியது. அதனால் பல நாட்டுத் தர நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் ஐ.எஸ்.ஓ.வுக்கு வெளியே கூடி, 1999 இல் ஓ.எச்.எஸ்.ஏ.எஸ். 18001 ஐ உருவாக்கின. 2007 இல் அதைத் திருத்தின. 2001 இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் சொந்த வழிகாட்டியை வெளியிட்டது. அரசும் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து அமரும் மேசை அவர்களுடையது என்பதால், தரம் எழுதும் உரிமையும் அங்கேதான் இருக்கவேண்டும் என்ற வாதத்துக்கு வலு இருந்தது.

2013 இல் ஐ.எஸ்.ஓ. இதற்கெனத் தனிக் குழு அமைத்தது. 2016 இல் வாக்கெடுப்புக்கு வந்த வரைவு தேறவில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், எதிர்ப்பு நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி, எதிர்ப்பு தாண்டிவிட்டது. வரைவு மீண்டும் எழுதப்பட்டு, 2018 மார்ச் 12 ஆம் திகதி ஐ.எஸ்.ஓ. 45001 வெளியானது. பழைய 18001 இன் சான்றிதழ்கள் 2021 வரை மட்டும் தாக்குப்பிடித்தன. இலங்கையில், 1964 இல் தொடங்கி 1984 இல் இப்போதைய பெயரைப் பெற்ற இலங்கை தர நிர்ணய நிறுவனம் இதை நாட்டின் தரமாகவும் ஏற்றது.

பல்லேகலைக் கைத்தொழிற்பேட்டையிலோ ஒரு தேயிலை ஸ்டோரிலோ இத்தரம் நடைமுறைக்கு வரும்போது, மாறுவது பெரும்பாலும் கேள்விகளின் வரிசைதான். முதலில், இந்த ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா? முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள வேறொன்றை வைக்கலாமா? அடுத்தது இயந்திரத் தடுப்பு. அதற்கும் அடுத்தது பயிற்சியும் விதிமுறையும். கையுறையும் முகக்கவசமும் கடைசி. அன்று இந்த வரிசை தலைகீழாக இருந்தது: கவனமாக இரு என்று தொழிலாளிக்குச் சொல்வதில் அது தொடங்கியது, பெரும்பாலும் அங்கேயே முடிந்தது.

நூலிழையில் தப்பிய விபத்துகளின் கதையும் மாறியது. பெல்ட் அறுந்து தலைக்கு மேலே பறந்துபோனால் அன்று "தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்றார்கள். மறுநாள் அதே பெல்ட்டைத் தைத்து மாட்டினார்கள். இன்று அதுவும் பதிவேட்டில் ஏறவேண்டிய சம்பவம். காரணம் தேடவேண்டும், தேடும்போது தொழிலாளரும் உடனிருக்கவேண்டும். தம்பிரானுக்கு நன்றி சொல்வதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் பெல்ட் ஏன் அறுந்தது என்ற கேள்விக்கு அந்த நன்றி பதிலாகாது. என் கணக்கில், இந்தத் தரம் கொண்டுவந்த மிகப் பெரிய ஆதாயம் இதுதான்.

இழப்புகளும் உண்டு. ரோதமுனிக்குப் படைக்கும் நாளில், தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரும் அடுப்புக்காரரும் உருளைக்காரரும் சல்லடை அறைப் பெண்களும் ஒரே இடத்தில் நின்றார்கள். ஆபத்து எல்லோருக்கும் பொது என்பதை ஆண்டுக்கொரு முறையாவது எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டார்கள். இன்று கணக்காய்வாளர் சிலரைத் தெரிந்தெடுத்துப் பேசுகிறார். தகவல் சொல்லும்போது தொழிலாளரின் மொழியையும் எழுத்தறிவையும் கருத்தில் எடுக்கவேண்டும் என்று தரம் தெளிவாகவே சொல்கிறது. ஆயினும் ஆவணங்கள் ஆங்கிலத்தில் பிறந்து, விளக்கம் சிங்களத்தில் நடந்து, தமிழுக்கு வரும்போது ஒரு தலையசைப்பாகச் சுருங்கிவிடும் ஆபத்து இந்த மலைகளில் எப்போதும் உண்டு. சத்தத்தைக் கேட்டே உருளையின் நோவைச் சொன்ன பழைய டீமேக்கரின் காதுக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

இதைவிடப் பெரிய குறை எல்லையில் இருக்கிறது. சான்றிதழ் எந்த இடத்துக்கு, எந்த வேலைக்கு என்பதை நிறுவனமே வரையறுக்கிறது. ஸ்டோரின் நான்கு சுவருக்குள் அந்த எல்லையை வரைந்துகொள்வது எளிது; 1942 ஆம் ஆண்டின் சட்டமும் தொழிற்சாலையோடு நின்றது. ஆனால் தோட்டத்தில் அதிகம் பேர், அதிலும் பெண்கள், வேலை செய்வது மலையில். அங்கே சக்கரம் இல்லை. செங்குத்தான சரிவும் வழுக்கும் வடிகானும் பாம்பும் மின்னலும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குளவி. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்ற செய்தி மலையகத்தில் பழகிப்போன ஒன்று. இடுப்பில் கட்டிய படங்கு அன்று சாக்கு, இன்று பிளாஸ்டிக். குளவிக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். குளவி கொட்டிய நாளில் அரைநாள் சம்பளமான அரைப்பேரா, முழுநாள் சம்பளமான முழுப்பேரா என்ற கணக்கு ஓடிய, வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு, ஸ்டோரின் சுவரோடு நின்ற சான்றிதழ் செல்லாது.

மருந்தடிப்பவர்களின் நிலை ஓரளவு மாறியது, ஆனால் அதைச் செய்தது வேறொரு கை. முதுகில் பீப்பாயோடு கிரமக்சோன் அடித்த காலம் முடிந்தது, அரசு 2008 க்கும் 2011 க்கும் இடையில் அதிலிருந்த நஞ்சான பரக்குவாட்டைப் படிப்படியாக விலக்கியதால். கிளைபோசேற்று 2015 இல் தடைப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்பி வந்தது. ஆபத்தை அடியோடு நீக்கு என்று தரம் முதற்படியாகச் சொல்வதை, மலையில் ஒரு முறையேனும் நிறைவேற்றியது அரசின் ஒரு தடை.

தோட்டங்களும் அன்றிருந்தபடி இல்லை. 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இல் பெருமளவு பிராந்தியக் கம்பெனிகளிடம் போயின. கண்டிப் பக்கத்தில் இன்னும் பல தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே உள்ளன. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் இப்போது சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. ஒரு ஏக்கரில் மனைவியும் மகளுமாகக் கொழுந்து பறிப்பவருக்குத் துரையும் இல்லை, டிஸ்பென்சரியும் இல்லை, கையொப்பமிட உயர் முகாமையும் இல்லை. அவர் கொழுந்து ஸ்டோரின் வாசலைத் தாண்டிய பிறகுதான் பாதுகாப்பு முறைமைக்குள் நுழைகிறது. பறித்த கை வெளியே நின்றுவிடுகிறது.

பாதுகாப்பின் செலவு தொழிலாளியின் தலையில் விழக்கூடும் என்பதற்குத் தரத்தின் பக்கங்களிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் தொழிலாளிக்குச் செலவில்லாமல் கிடைக்கவேண்டும் என்று தொழிலாளர் தரப்பு விரும்பியது. அது 45001 இல் கட்டாய வாசகமாக இல்லை. பல நாடுகளின் சட்டம் அப்படிக் கேட்கிறது என்று ஒரு குறிப்பாக மட்டுமே இடம்பெற்றது. கட்டாய வாசகத்தை மீறினால் கணக்காய்வாளர் குறை எழுதுவார். குறிப்பைப் படிக்காமல் விட்டாலும் சான்றிதழ் கிடைக்கும்.

முனியிடமிருந்து தாளுக்கு வந்த பயணத்தில் இந்த மலைகள் பெற்றது அதிகம். விரல்கள் மிஞ்சின, தூசிக்குப் பெயர் கிடைத்தது, விபத்துக்கு முன்பே கேள்வி கேட்கும் பழக்கம் வந்தது. பழைய காலம் திரும்பவேண்டும் என்று அந்தத் தண்டின் கீழ் நின்ற எவரும் சொல்லமாட்டார். ஆனால் ரோதமுனி போன்ற தெய்வங்களுக்கு எல்லைக்கோடு கிடையாது. கும்பிட்டவர் எல்லோரும் அவர்களின் காவலுக்குள் இருந்தார்கள். புதிய தரம் அந்தக் கணக்கை எட்ட இரண்டு காரியம் போதும்: சான்றிதழின் எல்லை கொழுந்து மலைவரை போகவேண்டும்; குறிப்பில் இருக்கும் செலவில்லா முகக்கவசம் கட்டாய வாசகத்துக்கு ஏறவேண்டும். இரண்டுக்கும் பணம் செலவாகும். இத்தனை காலம் அந்தச் செலவைத் தங்கள் உடம்பால் கட்டியவர்கள் யார் என்பது கண்டியில் எல்லோருக்கும் தெரியும்.