நாமினி என்பவர் யார்?

வங்கியில் கணக்குத் தொடங்கும்போதும், ஆயுள் காப்பீடு எடுக்கும்போதும், உத்தியோகத்தில் சேரும்போதும் நம் முன் வைக்கப்படும் படிவங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். ‘நாமினி’யின் பெயர், வயது, உறவு என்று அவ்வரி கேட்கும். ஊரைவிட்டு வந்த புதிதில், யார் பெயர் நினைவுக்கு வந்ததோ அதனை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தையே கலக்கிவிடக் கூடும். ஆகவே, அச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வது நம் சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

இலத்தீன் மொழியில் ‘நோமென்’ என்றால் பெயர். நாம் வழங்கும் ‘நாமம்’ என்னும் வடசொல்லும் அதற்கு உறவுடையதே. அதன் வழிவந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பெயர் குறித்தல் என்பது பொருள். இறுதியில் உள்ள ‘ஈ’ என்னும் விகுதி, ஒரு செயலுக்கு உள்ளானவரைக் காட்டும். வேலை கொடுப்பவர் ‘எம்ப்ளாயர்’, வேலை கொடுக்கப்பட்டவர் ‘எம்ப்ளாயீ’ என்பது போல, பெயர் குறிக்கப்பட்டவர் ‘நாமினி’. அவ்வளவே. சொத்துக்கு உரியவர் என்ற கருத்து அச்சொல்லில் இல்லை.

தமிழில் பேசும்போதோ நாம் அதனை ‘வாரிசு’ என்று சொல்லிவிடுகிறோம். பிழை இங்கேதான் தொடங்குகிறது. வாரிசு என்பது அரபு மொழியிலிருந்து வந்து நம்மிடையே நிலைத்துவிட்ட சொல். இறந்தவரின் சொத்தை முறைப்படி அடைபவர் என்று பொருள்படும். அதற்கு நேரான ஆங்கிலச் சொல் ‘ஏர்’ என்பதாகும். ஒருவர் வாரிசாவது பிறப்பாலும் மணத்தாலும்; நாமினியாவது ஒரு கையொப்பத்தால். நாமினியை நியமனதாரர் என்று சொல்வதே பொருத்தம்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். நண்பர் ஒருவர் மணமாகுமுன், இந்நகரில் தமையனார் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் வங்கிக் கணக்குத் தொடங்கினார். நாமினியாகத் தமையனார் பெயரையே எழுதினார். பின்னர் மணமாயிற்று, பெண்மக்கள் இருவர் பிறந்தனர், அவ்வரி மட்டும் மாறவில்லை. நண்பர் திடீரெனக் காலமானபோது அக்கணக்கில் நான்கு லட்சம் ரூபாய் இருந்தது. வங்கி அத்தொகையைத் தமையனாரிடம் கொடுத்தது. அதில் வங்கியின் தவறு ஏதுமில்லை. நாமினியிடம் கொடுத்ததும் அதன் பொறுப்பு தீர்ந்தது.

தமையனார் தீயவர் அல்லர். ‘தம்பி என்னைத்தான் வாரிசாக எழுதியிருக்கிறான்’ என்று உண்மையாகவே நம்பினார். அதனினும் வருந்தத்தக்கது, நண்பரின் மனைவியாரும் அவ்வாறே நம்பியதுதான். ‘அவரே எழுதி வைத்துவிட்டுப் போன பின் நான் என்ன கேட்பது?’ என்று வாய்மூடி இருந்தார். மூத்த பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் வளையல்களை அடகு வைக்கப் புறப்பட்டபோதுதான் அண்டை அயலார்க்கே செய்தி தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? உயில் எழுதாமல் இறந்த இந்து ஆடவரின் சொத்து, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முதல் வகுப்பு வாரிசுகளைச் சேரும். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அவ்வகுப்பினர். உடன்பிறந்தார் இரண்டாம் வகுப்பினர். முதல் வகுப்பில் ஒருவரேனும் இருக்கும்வரை அவர்களுக்குப் பங்கில்லை. ஆகவே அந்த நான்கு லட்சம் மனைவி, இரு பெண்கள், ஊரிலுள்ள தாயார் ஆகிய நால்வர்க்கும் ஆளுக்கு ஒரு லட்சமாக உரியது. தமையனார் அதனை வாங்கி வைத்திருக்கும் கை மட்டுமே. கிறிஸ்தவர்க்கும் இஸ்லாமியர்க்கும் பங்குமுறை வேறு.

உச்சநீதிமன்றம் இதனைப் பலமுறை தெளிவாக்கியுள்ளது. 1967-இல் உயிலின்றி இறந்த ஒருவர், தலா பத்தாயிரம் ரூபாய்க்கான இரு காப்பீடுகளில் மனைவியை நாமினியாகக் குறித்திருந்தார். தாயும் மகனும் பங்கு கேட்டனர். மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 1983 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. வங்கி வைப்புக்கு 2010-இலும், கம்பெனிப் பங்குகளுக்கு 2023-இலும் இதே கருத்து உறுதிப்பட்டது.

எனினும் ஒரு விலக்கு உண்டு. 2015-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், மனைவி அல்லது கணவர், மக்கள் ஆகியோர் நாமினியாக இருப்பின், அவர்கள் அத்தொகையைத் தாமே அனுபவிக்க உரியவர் என்று சட்டம் கூறுகிறது. இதன் பின்னரும் வழக்குகள் எழாமலில்லை. வருங்கால வைப்பு நிதியிலோ வேறொரு விதி. 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டப்படி, குடும்பம் இல்லாதபோது செய்த நியமனம், குடும்பம் ஏற்பட்டதும் செல்லாததாகிவிடும். புதிதாக எழுதித் தரவேண்டும். எத்தனை பேர் எழுதித் தந்திருக்கிறோம்?

செய்யவேண்டியவை சில. மணம், மகப்பேறு, மரணம் எது நேரினும் படிவங்களைத் திருத்துக. 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நால்வர் வரை குறித்து, இன்னார்க்கு இவ்வளவு விழுக்காடு என்றும் எழுதலாம். யாருக்கு உரிமை சேரவேண்டும் என்பதில் உறுதியான எண்ணம் உடையவர் உயில் எழுதுக. அதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, சாட்சிகள் இருவர் கையொப்பமிட்டால் போதும். யாவற்றுக்கும் மேலாக, எங்கே என்ன இருக்கிறது என்பதை வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். சுற்றமும் வழக்கறிந்த பெரியவர்களும் தொலைவில் இருக்க, வேற்றூரில் வாழும் நம் போன்றோர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

வழக்கறிஞர் ஒருவர் விளக்கிக் கூறியபோது, நண்பரின் தமையனார் சற்று நேரம் பேசாதிருந்தார். ‘குழந்தைகள் பணத்தை என் பணம் என்றல்லவா இவ்வளவு நாள் வைத்திருந்தேன்!’ என்று சொல்லி, மறுவாரமே முழுத்தொகையையும் கொண்டுவந்து கொடுத்தார். தாயாரும் தம் பங்கைப் பேத்திகளுக்கே விட்டுக்கொடுத்தார். எல்லா வீடுகளிலும் இவ்வாறு இனிது முடிவதில்லை. இவ்விதழை மூடியதும் நம் வீட்டுப் பெட்டியிலுள்ள காகிதங்களை எடுத்து, அந்த ஒரு வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்போமாக.