கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்



பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்துகொண்டிருந்த வேளையில், நம் மஹல்லாவாசி ஒருவர் தம் பத்து வயது மகனுடன் வந்தார். "ஹஸ்ரத்! சேர்த்து வைத்த பெருநாள் காசில் ஆக்சலாட்டில் வாங்க வேண்டுமென்று அடம் பிடிக்கிறான். வளர்ப்பது கூடுமா?" என்று வினவினார். அப்பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் 2021 முதல் இப்பிராணி வருகிறதாம், சிறுவன்தான் விளக்கினான். விசாரித்து அறிந்தவற்றை மற்ற பெற்றோரும் தெரிந்துகொள்வது நலமெனக் கருதி இங்கே எழுதுகிறேன்.

ஆக்சலாட்டில் மீன் அன்று. தவளைக்கு உறவான, வாலுடைய சாலமாண்டர் இனம். நம் நாட்டில் அவ்வினம் டார்ஜிலிங் முதலான வடகிழக்கு மலைப்பகுதிகளில் மட்டுமே உண்டு. தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகிக் கரையேறுகிறது. ஆக்சலாட்டிலோ தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களுடன், ஆயுள் முழுவதும் இளம்பருவ உருவிலேயே தண்ணீரில் வாழ்கிறது. கால் அறுந்தால் எலும்பும் நரம்புமாக முழுக் காலும் மீண்டும் முளைக்கிறது. சுப்ஹானல்லாஹ்! படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்க இது ஒன்றே போதும்.

இதன் தாயகம் மெக்சிகோ நகரிலுள்ள ஸோச்சிமில்கோ நீர்நிலைகள். அங்கே 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தவை, 2014-ல் 36 ஆகக் குறைந்துவிட்டன. நகரக் கழிவு ஒரு காரணம். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும் மற்றொரு காரணம். நம் கண்மாய்களில் ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் பெருகிக் கிடக்கிறதே, அதே திலாப்பியாதான். கடைகளில் விற்பவை காட்டில் பிடித்தவை அல்ல. தொட்டிகளிலேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டவை.

இனி, கூடுமா என்ற கேள்விக்கு வருவோம். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு விசாரித்ததும் நாம் அறிந்ததே. பிராணி வளர்ப்பது ஆகுமானது என்பதற்கு உலமாக்கள் இதனை ஆதாரமாகக் கொள்கின்றனர். ஆனால், பூனையைக் கட்டி வைத்து, உணவும் அளிக்காமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த ஹதீஸும் உண்டு. அடைத்து வைத்த உயிரின் தேவை முழுவதும் அடைத்தவரின் பொறுப்பு என்பது இதனால் விளங்குகிறது.

ஆக்சலாட்டிலின் முதல் தேவை குளிர்ந்த நீர். 16 முதல் 18 டிகிரி வரை அதற்கு உகந்தது. 24 டிகிரியைத் தாண்டினால் துன்பம் தொடங்கிவிடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். பிராணி உணவை மறுக்கும், பூஞ்சை பற்றும், பின் மடியும். நம் மதுரையில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மார்கழி இரவின் குளிரே சுமார் 20 டிகிரியில் நின்றுவிடுகிறது. ஆக, ஆண்டின் எந்த மாதத்திலும் மதுரை வீட்டுத் தண்ணீர் அதற்குத் தானாக ஒத்துவராது. தொட்டிக்கென்று தனியே சில்லர் என்னும் குளிர்விப்பான் பொருத்தி, இரவும் பகலும் ஓடவிட வேண்டும். ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டுச் சமாளிப்போர் உண்டு. பாட்டில் உருகியதும் சூடு ஏறும். அந்த ஏற்ற இறக்கமும் அதற்குக் கேடுதான். கோடையில் மின்சாரம் தடைபட்டால்?

குளோரின் நீக்கிய நீர், கழிவை அகற்றும் வடிகட்டி, உணவுக்கு மண்புழு ஆகியனவும் வேண்டும். தொட்டியில் சிறு கூழாங்கல் இட்டால் விழுங்கிவிடும். நல்ல பராமரிப்பில் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். இன்று கேட்கும் பத்து வயதுப் பிள்ளை அதற்குள் கல்லூரியையும் முடித்திருப்பான்!

சட்டமும் உண்டு. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், 2024-ல் வெளியான விதிகளின்படியும், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்தல் வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆதலால் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வனத்துறையை அணுகிப் பதிவு பற்றிக் கேட்டறியட்டும். சலித்துப்போய் வண்டியூர்க் கண்மாயிலோ வைகையிலோ விட்டுவிடுவது விடுதலை அன்று. வெந்நீர் போன்ற அந்நீரில் அது சாகும். அதனிடமுள்ள நோய்க்கிருமி நம் தவளைகளையும் தொற்றக்கூடும்.

இவ்வளவையும் அச்சிறுவனிடம் எளிமையாகக் கூறினேன். சற்று யோசித்துவிட்டு, "கொடைக்கானலில் மாமி வீடு இருக்கிறதே ஹஸ்ரத், அங்கே வைக்கலாமா?" என்றான். குளிர் ஒத்துவரும், ஆனால் தினமும் தண்ணீரைப் பார்ப்பது யார், நீயா மாமியா என்றேன். அத்தாவின் முகத்தைப் பார்த்தான். மறுவாரம் ஜும்ஆவுக்கு வந்தபோது, மதுரைத் தண்ணீரின் சூட்டைத் தாங்கும் கப்பி மீன்கள் ஆறு வாங்கியிருப்பதாகச் சொன்னான்.